ஒரு சிம், இரண்டு திரைகள்: ஸ்ரீ சிட்டி எல்லையிலிருந்து ஒரு பகிர்வின் வரலாறு

2015 ஆகஸ்டு 10ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு முன்னிலையில் ஒரு திறன்பேசி வெளியிடப்பட்டது. ஷியோமி நிறுவனத்தின் ரெட்மி 2 பிரைம் என்பது அதன் பெயர். விலை 6,999 ரூபாய். 4.7 அங்குலத் திரை, இரண்டு சிம் அட்டைகள், 4ஜி வசதி. சீன நிறுவனமொன்று இந்திய மண்ணில் செய்து விற்கும் தன் முதல் கைபேசி என்பதால் அன்று அதற்குப் பெருங்கவனம் கிட்டியது. விழா நடந்தது விசாகப்பட்டினத்தில். கருவி பிறந்ததோ மாநிலத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீ சிட்டியில், பாக்ஸ்கான் நிறுவனத்தின் ஆலையில்.

வேலைவாய்ப்பு, முதலீடு, 'மேக் இன் இந்தியா' முழக்கம் ஆகியவை பற்றி அந்நாளில் நிறையப் பேசப்பட்டது. அக்கருவியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு மூலையில் கிடந்த சிறு பொத்தானைப் பற்றிப் பேச எவருக்கும் காரணம் இருக்கவில்லை. அதை அழுத்தினால் திறன்பேசி தன் இணையத்தை அருகிலுள்ள மற்றொரு கருவிக்கு வழங்கத் தொடங்கும். ஹாட்ஸ்பாட் என்று அதனை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அதே ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் அதே நிறுவனம் இந்தியச் சந்தைக்குக் கொணர்ந்த மி பேட் என்னும் டேப்லெட்டையும் சேர்த்து நோக்கினால் அப்பொத்தானின் பொருள் விளங்கும். 7.9 அங்குலத் திரையும் 12,999 ரூபாய் விலையும் கொண்ட அந்தப் பலகைக் கணினியில் சிம் அட்டை செருகும் இடமே கிடையாது. வைஃபை மட்டுமே உண்டு. வீட்டில் கம்பிவழி இணையம் இல்லாத ஒருவர் அதை வாங்கினால், அதற்கு உயிர் கொடுக்க அவருடைய கைபேசிதான் வேண்டும். ஒன்று சந்தா செலுத்தும், மற்றொன்று உண்ணும். இந்த ஏற்பாடு இயல்பானதாக இன்று தோன்றலாம். பத்து ஆண்டுகளுக்குள் பல வழக்குகளையும் கட்டணப் போர்களையும் கடந்தே அது இயல்பாயிற்று.

ஸ்ரீ சிட்டி நிற்கும் நிலத்துக்கே ஒரு பங்கீட்டு வரலாறு உண்டு. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதாக அதனோடு சென்றது. திருத்தணியை மீட்க ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டம் தமிழ் வாசகர் நன்கறிந்தது. படாஸ்கர் பரிந்துரையின் வழியே இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குச் சென்ற பகுதிகளில் சத்தியவேடும் ஒன்று. அவ்வாறு கைமாறிய சத்தியவேட்டையும் அதனையடுத்த வரதய்யபாளையம், தடா பகுதிகளையும் தழுவி 2008இல் தொடங்கப்பட்டதே ஸ்ரீ சிட்டி என்னும் தொழில்நகரம். சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். நகரின் பெயர்ப்பலகை தெலுங்கில் இருப்பினும் அதன் விமான நிலையமும் துறைமுகமும் சந்தையும் தமிழ்நாட்டுப் பக்கமே.

கைபேசித் தொழிலும் எல்லையைத் தாண்டியே இங்கு வந்தது எனலாம். 2006 முதல் திருப்பெரும்புதூரில் கைபேசி செய்துவந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அதனைச் சார்ந்திருந்த பாக்ஸ்கானின் திருப்பெரும்புதூர்ப் பிரிவும் அவ்வாண்டு டிசம்பரில் ஓய்ந்தது. சில திங்கள்களிலேயே, சென்னையின் மறுபக்கத்தில், மாநில எல்லைக்கு அப்பால், அதே பாக்ஸ்கான் வேறு பெயர்களுக்காகக் கைபேசி செய்யத் தொடங்கியது. ஒரு தலைமுறைத் தமிழ்த் தொழிலாளர் இழந்ததை நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு மாநிலம் பெற்றது. அது தனியே எழுதப்பட வேண்டிய கதை.

இனி அந்தப் பொத்தானின் முன்னோர்களைப் பார்க்கலாம்.

ஓர் இணைப்பைப் பலர் பகிர்வது இந்தியத் தொலைத்தொடர்பின் பழைய வழக்கம். 1980களின் பிற்பகுதியில் சாம் பிட்ரோடா காலத்தில் நாடெங்கும் பரவிய மஞ்சள் நிற எஸ்.டி.டி. கூண்டு அதன் அரசு ஒப்புதல் பெற்ற வடிவம். தெருவில் ஒரு வீட்டில் மட்டும் தொலைபேசி இருக்க, அண்டை வீடுகள் அந்த எண்ணைத் தங்கள் முகவரிச் சீட்டில் அடைப்புக்குறிக்குள் 'பி.பி.' என்று எழுதிக்கொடுத்தது ஒப்புதல் தேவைப்படாத வடிவம். இணையம் வந்தபோதும் முதலில் அது கம்பியில்தான் பகிரப்பட்டது. ரிலையன்ஸ் 2003இல் பரப்பிய சி.டி.எம்.ஏ. கைபேசிகளை ஆர்-கனெக்ட் என்னும் வடத்தால் கணினியோடு பிணைத்து இணையம் பெற்றவர்கள் இன்று நாற்பதைக் கடந்திருப்பர். நோக்கியா வைத்திருந்தோர் புளூடூத் வழியாக அதையே செய்தனர். அங்கே கைபேசி ஒரு மோடமாக மட்டுமே நின்றது: ஒரு கைபேசி, ஒரு கணினி, இடையே ஒரு வடமோ வடம் போன்ற வானலையோ.

கைபேசி தானே ஒரு வைஃபை நிலையமாக மாறலாம் என்பதைக் கைபேசி நிறுவனங்களுக்கு முன் வெளியார் கண்டுகொண்டனர். ஃபின்லாந்தின் ஜோய்க்கு என்னும் சிறு நிறுவனம் 2008இல் நோக்கியா சிம்பியன் கைபேசிகளுக்காக ஜோய்க்குஸ்பாட் என்ற செயலியை வெளியிட்டது. 2010 மே மாதம் கூகுள் அறிவித்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பில் அதே வசதி இயங்குதளத்தின் உறுப்பாகவே இடம்பெற்றது. ஆப்பிள் ஐபோனில் வைஃபை வழிப் பகிர்வு 2011 மார்ச்சில் பரவலாக வந்தது. ஐந்தாண்டு கழித்து ஸ்ரீ சிட்டியின் ஆலையிலிருந்து வெளிவந்த ஒவ்வொரு கைபேசியிலும் இருந்த அப்பொத்தானின் பிறப்புக் குறிப்பு இதுவே.

அதன் வேலை எளிது. திறன்பேசியில் இரு வானொலிகள் உண்டு. ஒன்று கோபுரத்தோடு பேசும். அந்த அலைவரிசை ஏலத்தில் எடுக்கப்பட்டது, நிறுவனத்துக்குச் சொந்தமானது. மற்றொன்று டேப்லெட்டோடு பேசும் வைஃபை, அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டியதில்லை. இந்தியாவில் இந்த விலக்கு 2005 ஜனவரியில் விதியாக வெளிவந்தது. அதற்கு முன் வீட்டுக்குள் வைஃபை நிலையம் வைப்பதும் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் உரிமப் பிடிக்குள் வரக்கூடியதாக இருந்தது. ஏலமெடுத்த அலையும் எவருக்கும் சொந்தமற்ற அலையும் ஒரு கைப்பிடிக் கருவிக்குள் சந்திக்கும் இடமே ஹாட்ஸ்பாட். சச்சரவு அந்தச் சந்திப்பில்தான் பிறந்தது.

சந்திப்பு நடக்கும் முறை ஒரு மாறுவேடம். தொலைத்தொடர்பு நிறுவனம் கைபேசிக்கு ஒரே ஓர் இணைய முகவரியைத் தருகிறது. கைபேசி, தன்னிடம் வந்து சேரும் டேப்லெட்டுக்குத் தானாகவே ஓர் உள்முகவரி வழங்கும். ஆண்ட்ராய்டில் நெடுங்காலம் அது 192.168.43 என்று தொடங்கியது. இப்படித் தனிப் பயன்பாட்டுக்கென முகவரிகளை ஒதுக்கிய ஏற்பாடு 1996இல் நிலைபெற்றது. உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றி அனுப்பும் உத்தி 1994இல் எழுத்தில் வந்தது. உலகில் இணைய முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில் தற்காலிக ஒட்டுப்போல வகுக்கப்பட்ட உத்தி அது. டேப்லெட் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் மேலும் கைபேசி தன் முகவரியை ஒட்டி அனுப்புகிறது. நிறுவனத்தின் கண்ணுக்கு எல்லாமே ஒரே கைபேசியின் பேச்சு. லினக்ஸ் உலகம் இதற்கு மாறுவேடம் என்ற பொருளிலேயே பெயரிட்டது.

வேடம் முழுமையானதன்று. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் ஆயுள் எண் உண்டு; வழியில் ஒரு நிலையத்தைக் கடக்கும்தோறும் அது ஒன்று குறையும். கைபேசியிலிருந்து நேரே கிளம்பும் பொட்டலம் பெரும்பாலும் 64 என்ற எண்ணுடன் புறப்படுகிறது. டேப்லெட்டிலிருந்து கைபேசி வழியாகச் சென்றால் 63. அந்த ஓர் எண் குறைவைக் கொண்டே, இந்தத் தரவு வேறொரு கருவிக்குப் போகிறது என்று நிறுவனம் உய்த்துணர முடியும். அமெரிக்க நிறுவனங்களுக்கு அந்த ஓர் எண் பணமாகத் தெரிந்தது.

2010 ஏப்ரலில் ஆப்பிள் ஐபேட் அங்கு விற்பனைக்கு வந்தபோது வைஃபை மட்டும் உள்ளதன் தொடக்க விலை 499 டாலர். 3ஜி சிம் உள்ளதற்கு 629 டாலர். சிம்முக்காகக் கருவிக்கு 130 டாலர் கூடுதல், அதன்பின் மாதந்தோறும் தனிச் சந்தா. கையிலுள்ள கைபேசியின் இணையத்தையே டேப்லெட்டுக்குத் திருப்பிவிட்டால் இரண்டும் மிச்சம். அதே ஆண்டு ஜூனில் ஏ.டி.&டி. நிறுவனம் கைபேசி இணையத்தைக் கணினியோடு பகிர மாதம் 20 டாலர் என்று கட்டணம் விதித்தது. அந்த 20 டாலருக்குக் கூடுதலாக ஒரு மெகாபைட்டும் இல்லை; ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய அளவையே இன்னொரு திரையில் காண்பதற்கான வரி அது. குடம் தண்ணீருக்குக் காசு வாங்கியவன், அதை எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாய் என்று கேட்டு மீண்டும் காசு கேட்டதை ஒக்கும்.

வெரிசான் நிறுவனமும் 20 டாலர் வாங்கியது. கட்டணமின்றிப் பகிர உதவிய 11 செயலிகளைத் தன் வாடிக்கையாளர் பதிவிறக்காதபடி தடுக்க வேண்டுமென்று கூகுளின் செயலிச் சந்தையிடம் அது கோரியது. அங்கே அது ஒரு பழைய வாக்குறுதியில் இடறியது. 2008இல் வெரிசான் ஏலமெடுத்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் ஒரு பகுதிக்கு, வாடிக்கையாளர் விரும்பும் கருவியையும் செயலியையும் தடுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் விசாரணைக்குப் பின் 2012 ஜூலை 31 அன்று நிறுவனம் 12.5 லட்சம் டாலர் செலுத்தி உடன்பாட்டுக்கு வந்தது. வாங்கிய இணையத்தை எந்தக் கருவியில் பயன்படுத்துவது என்பதை முடிவு செய்யும் உரிமை யாருடையது என்ற கேள்வி, தெளிவாக எழுப்பப்பட்டு ஓரளவேனும் விடைபெற்றது அன்றுதான்.

இந்தியாவில் இக்கேள்வி எழாமலே விடை கண்டது. ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கட்டணம் என்ற வழக்கம் இங்கு வேர்பிடிக்கவில்லை. நிறுவனங்களின் தாராள மனத்தைக் காரணமாகக் கூறுவதற்கில்லை. இந்திய வாடிக்கையாளருள் பெரும்பாலோர் முன்பணம் செலுத்துவோர்; அளந்து வாங்கி அளந்து செலவிடுவோர். அளவற்ற சந்தா கொடுத்தவர் அளவுக்கு மீறி உண்டுவிடுவாரோ என்பதே அமெரிக்க நிறுவனத்தின் அச்சம். இங்கோ ஒரு ஜிபி முடிந்தால் மறு ஜிபிக்குக் கடைக்குப் போயாக வேண்டும். டேப்லெட் சேர்ந்து உண்டால் விற்பவருக்கு ஆதாயமே. எனவே அந்த 63ஐ இங்கு யாரும் துருவிப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை.

கருவியின் விலையிலோ அக்கேள்வி இங்கும் மறைந்திருந்தது. 2011 ஜனவரியில் ஐபேட் இந்தியாவுக்கு முறைப்படி வந்தபோது வைஃபை மட்டும் உள்ளதன் தொடக்க விலை 27,900 ரூபாய். சிம் உள்ளது 34,900 ரூபாய். வேறுபாடு 7,000 ரூபாய். நான்கரை ஆண்டு கழித்து ஸ்ரீ சிட்டியில் பிறந்த ஒரு முழுத் திறன்பேசியின் விலை, டேப்லெட்டில் ஒரு சிம் துளைக்கு ஆப்பிள் கேட்ட இந்தத் தொகையைவிட ஒரு ரூபாய் குறைவு. சிம் இல்லாத டேப்லெட்டையும் மலிவான கைபேசியையும் இணைத்து வாங்குவதன் பொருளாதாரம் இதைவிட எளிதாக விளங்காது.

செல்வர்க்கு இது கணக்கு. மாணவர்க்கு இது முட்டுக்கட்டை. 2011 அக்டோபர் 5 அன்று மத்திய அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் என்னும் டேப்லெட்டை வெளியிட்டார். டேட்டாவிண்ட் நிறுவனம் ஐதராபாத்தில் பொருத்துவித்த அதை அரசு ஏறத்தாழ 2,276 ரூபாய்க்கு வாங்கியது. 7 அங்குலத் திரை, ஆண்ட்ராய்டு 2.2, வைஃபை. சிம் இல்லை. சிம் உள்ள அதன் உடன்பிறப்பை யூபிஸ்லேட் என்ற பெயரில் 2,999 ரூபாய்க்குச் சந்தையில் விற்க அந்நிறுவனம் திட்டமிட்டது. ஆகாஷின் மந்தமான தொடுதிரை குறித்தும் விரைவில் தீரும் மின்கலம் குறித்தும் எழுந்த கேலிகளில், அதைவிடப் பெரிய குறை அமுங்கிப்போயிற்று. வைஃபை எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. மாணவருக்கான கருவி, வளாகத்தை விட்டு வீடு சென்றதும் ஊமையாயிற்று. அந்நாளில் வீட்டிலிருந்த கைபேசிகளுட் பெரும்பாலானவை பொத்தான் கைபேசிகள். அவற்றுக்கு ஹாட்ஸ்பாட் தெரியாது. மலிவு டேப்லெட் வந்துவிட்டது. அதற்கு உணவூட்டும் மலிவுத் திறன்பேசி இன்னும் வரவில்லை. வரிசை மாறிப் பிறந்த பிள்ளை ஆகாஷ். 2012 நவம்பரில் மேம்பட்ட இரண்டாம் பதிப்பு குடியரசுத் தலைவர் கையால் வெளியானது. சில ஆண்டுகளில் திட்டமே மறைந்தது.

ஸ்ரீ சிட்டியின் கைபேசிகள் இந்த வரிசையை நேர்செய்தன என்று கூறலாம். எனினும் 2015இல் கருவி மலிந்த அளவு தரவு மலியவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் கணக்குப்படி 2014இல் ஒரு ஜிபிக்கு நிறுவனங்கள் ஈட்டிய சராசரி வருவாய் 269 ரூபாய். ஒரு மணி நேரக் காணொளிப் பாடத்தை டேப்லெட்டில் பார்க்கக் கொடுப்பதென்றால் கைபேசிக்காரர் யோசிக்க வேண்டியிருந்தது. பகிர்வுக்குத் தடை இல்லை, தனிக் கட்டணம் இல்லை. ஆனால் பகிரும் பொருளே பொன்னாக இருந்தது.

எல்லையில் இன்னொரு வரி இருந்தது. நிலத்தில் 1960இல் இட்ட கோட்டை வானத்திலும் இட்டிருந்தனர். இந்தியத் தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிந்தது. தடா ஆந்திர வட்டம், அதற்குத் தெற்கே அடுத்த ஊரான ஆரம்பாக்கம் தமிழ்நாட்டு வட்டம். கோபுரத்தின் அலை மாநில எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. எல்லையோரத்தில் வீட்டின் ஒரு பக்கம் தன் வட்டத்துக் கோபுரமும் மறுபக்கம் அயல்வட்டக் கோபுரமும் கைபேசியைப் பற்றுவது இயல்பு. அயல்வட்டக் கோபுரம் பற்றினால் ரோமிங். வரும் அழைப்புக்கும் கட்டணம். சொந்த வட்டத்துக்கென வாங்கிய இணையப் பொதிகளுட் பெரும்பாலானவை அங்கு செல்லாதவை. தமிழ்நாட்டு எண்ணோடு காலையில் எல்லை தாண்டி ஆலைக்குச் செல்பவர் மாலை திரும்பும்வரை அயல்நாட்டார்போல் அளந்து பேச வேண்டியவரானார். இந்நிலையில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டால், டேப்லெட் தன்போக்கில் செயலிகளைப் புதுப்பித்துக்கொள்ள, இருப்பு சில நிமிடங்களில் கரையும். வைஃபை கிடைத்ததும் பெரிய பதிவிறக்கங்களைத் தொடங்குவது டேப்லெட்டின் பழக்கம். அந்த வைஃபைக்குப் பின்னால் ஓர் ஏழைக் கைபேசி நிற்பதை அது அறியாது.

இந்த வானக் கோடு நான்கு படிகளில் அழிந்தது. 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. அடுத்த மாதம் 3ஆம் நாள் முதல், வட்டம் மாறினாலும் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி நாடெங்கும் வந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ ரோமிங் கட்டணமே இல்லாமல் தொடங்கியது. 2017 ஏப்ரல் 1 முதல் ஏர்டெல் உள்நாட்டு ரோமிங்கில் அழைப்புக்கும் இணையத்துக்கும் கூடுதல் கட்டணத்தை நீக்கியது. ம.பொ.சி. காலத்தில் குருதி சிந்தி வரைந்த எல்லையைக் கைபேசிக் கோபுரங்கள் வணிகப் போட்டியில் துடைத்துவிட்டன. மண்ணில் மட்டும் கோடு நிற்கிறது. தரவின் விலையும் உடன் வீழ்ந்தது: ட்ராய் கணக்கில் 2018இல் ஒரு ஜிபிக்கு 11.78 ரூபாய். வாரக்கணக்கில் சேமித்துச் செலவிட்ட ஒரு ஜிபி நாள்தோறும் தீர்க்க வேண்டிய பங்கீட்டு அரிசியாக மாறியது. இரவு பன்னிரண்டு மணிக்குள் தீராத தரவை டேப்லெட்டுக்குக் கொடுத்துத் தீர்ப்பது ஒரு சிக்கனமாகவே ஆயிற்று. கணினியில் செருகும் டாங்கிள் என்ற பொருளுக்கு அதன்பின் அதிக வேலை இருக்கவில்லை.

2017 மார்ச்சில் ஷியோமி தன் இரண்டாம் ஆலையை ஸ்ரீ சிட்டியில் அறிவித்தது. இரண்டும் சேர்ந்து வேலை நேரத்தில் நொடிக்கு ஒரு கைபேசி செய்ய வல்லவை என்றது நிறுவனம். அங்கே பணிபுரிந்தோரில் மிகப் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமத்துப் பெண்கள். இந்த இடத்தில் வேறொரு கணக்கை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2019-20இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியோர் 21 விழுக்காடு, ஆண்களில் 48.8 விழுக்காடு. நொடிக்கொரு இணையக் கருவி பெண்களின் விரல் வழியே வெளிவந்த மாநிலத்தில், ஐந்தில் நான்கு பெண்கள் இணையத்தைத் தொட்டதே இல்லை.

ஹாட்ஸ்பாட்டின் வரலாற்றில் பேசப்படாத பகுதி இங்கே இருக்கிறது. நிறுவனத்திடமிருந்து மீட்கப்பட்ட உரிமை யாரிடம் போய்ச் சேர்ந்தது? சிம் யாருடையதோ அவரிடம். கம்பிவழி இணையம் வீட்டுக்குச் சொந்தம். சுவரில் இருக்கும், எல்லாருக்கும் கிடைக்கும். ஹாட்ஸ்பாட் ஓர் ஆளுக்குச் சொந்தம்; சட்டைப்பையில் இருக்கும், அவரோடு வெளியே போய்விடும். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு இந்திய நாட்டுப்புற வீடுகளில் கணினி உள்ளவை 4.4 விழுக்காடு, இணைய வசதி உள்ளவை 14.9 விழுக்காடு என்றது. கணினியைவிட இணையம் மும்மடங்கு என்பதன் பொருள், அந்த இணையம் பெரும்பாலும் கைபேசியில் வந்தது என்பதே. தந்தையோ அண்ணனோ வேலைக்குக் கிளம்பும்போது வீட்டின் இணையமும் கிளம்புகிறது. தாய் ஆலைப் பேருந்தில் ஏறினாலும் அப்படியே. மேசைமேல் இருக்கும் டேப்லெட் அவர் திரும்பும்வரை சிலேட்டுப் பலகை. பகிர்வு என்ற சொல்லில் ஒரு சமன்மை ஒலிக்கிறது. நடைமுறையில் ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் கேட்கிறார்; கடவுச்சொல்லை மாற்றும் அதிகாரமும் கொடுப்பவருக்கே.

2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது நாடு முழுதும் இதை உணர்ந்தது. தமிழ்நாட்டு அரசு 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு அட்டை வழங்குவதாக அறிவித்தது. முன்பே மடிக்கணினி கொடுத்திருந்த அரசு, மடிக்கணினிக்கு உணவூட்ட வழியில்லை என்பதைப் பத்தாண்டு கழித்து ஒப்புக்கொண்ட நிகழ்வாக இதைக் கொள்ளலாம். ஆந்திர அரசு வேறு வழியில் சென்றது. 2022 டிசம்பர் 21 அன்று பாபட்லா மாவட்டம் யட்லபள்ளியில் முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி தொடங்கிய திட்டத்தில் அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவருக்கும் ஆசிரியருக்குமாக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சாம்சங் டேப்லெட்டுகள் வழங்கப்பட்டன. அதற்குள் சத்தியவேடும் தடாவும் புதிதாய்ப் பிறந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டன. அத்திட்டத்தில் வாங்கிய பாடநிறுவனத்தின் நேர்மை, செலவு பற்றிய அரசியல் வாதங்கள் ஒருபுறம் இருக்க, வடிவமைப்பில் ஒரு முடிவு கவனத்துக்குரியது: பாடங்கள் நினைவக அட்டையில் முன்னரே ஏற்றப்பட்டிருந்தன, இணையமின்றியே படிக்கும்படி. ஆகாஷ் கற்பித்த பாடம் அங்கே எட்டியிருந்தது. வீட்டுக் கைபேசி வீட்டில் இருக்கும் என்று நம்பித் திட்டம் தீட்ட முடியாது என்பதை அந்தச் சிறு அட்டை ஒப்புக்கொண்டது. ஆனால் அட்டையில் ஏற்றியதற்கு அப்பால் ஒரு சொல்லைத் தேட வேண்டுமென்றால், பிள்ளை மறுபடியும் யாரிடமாவது சென்று ஹாட்ஸ்பாட்டைத் திறக்கச் சொல்லவே வேண்டும்.

ஆளோடு போகாத பகிர்வுக்கு ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை பி.எம்.-வாணி என்ற பொது வைஃபைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தேநீர்க் கடையோ மளிகைக் கடையோ உரிமமும் பதிவுக் கட்டணமும் இல்லாமல் தன் இணைப்பைச் சில்லறையாக விற்கலாம், பழைய எஸ்.டி.டி. கூண்டின் நினைவாக அக்கடைக்குப் பொதுத் தரவு நிலையம் என்று பெயர். திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை. தடையாக நின்றது வெரிசான் காலத்துப் பழைய கேள்வியே. வீட்டு இணைப்பை வாங்கிப் பலருக்குப் பகிரலாமா, அல்லது வணிக நிறுவனங்களுக்கான உயர்ந்த கட்டணத்தில்தான் இணைப்புப் பெற வேண்டுமா என்பதில் சேவை நிறுவனங்களுக்கும் கடைக்காரர் தரப்புக்கும் நெடுநாள் இழுபறி இருந்தது. 2025 ஜூனில் ட்ராய் ஒரு வரம்பு வகுத்தது: 200 எம்.பி.பி.எஸ். வேகம்வரையுள்ள இணைப்புகளுக்கு, வீட்டு வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் பொதுத் தரவு நிலையத்திடம் வாங்கக் கூடாது.